பென்டசீனின் நடுவளையம்: பண்புகளும் தயாரிப்பும்

22 கார்பன், 14 ஹைட்ரஜன். இந்த வாய்பாட்டில் ஐந்து பென்சீன் வளையங்களை ஒட்டிப் பல மூலக்கூறுகளை எழுதலாம். அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். வளையங்கள் வளைந்து வளைந்து போகும் பிசீன் நிறமற்றது. வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதே ஐந்து வளையங்கள் நேர்கோட்டில் நின்றால் கிடைப்பது பென்டசீன். கருநீலத்துக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் இடைப்பட்ட பளபளக்கும் படிகம். அதன் கரைசலை மூடியின்றி சன்னலோரம் வைத்தால் சில நிமிடங்களிலேயே நிறம் வெளிறத் தொடங்கும். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, மூலக்கூறு எடையும் (278.35) ஒன்றே. வேறுபாடு வளையங்களின் வரிசையில் மட்டுமே.

வேதியியலாளர் எரிக் கிளார் வகுத்த 'அறுவர்' கணக்கு இந்த வேறுபாட்டை நன்றாக விளக்குகிறது. பல்வளைய ஹைட்ரோகார்பன் ஒன்றில், தனக்கென ஆறு பை எலெக்ட்ரான்களைக் கொண்ட முழுமையான பென்சீன் வளையங்கள் எத்தனை வரைய முடியும் என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடக்கூட நிலைப்புத்தன்மை கூடும். பிசீனில் மூன்று வரையலாம். பென்டசீனில் ஒன்றுதான். நேர்கோட்டில் எத்தனை வளையங்களைச் சேர்த்தாலும் அந்த ஒன்று இரண்டாகாது. ஐந்து வளையங்களும் ஒரே அறுவரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அதனால் வரிசை நீளநீள ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரான்கள் நிரம்பிய கடைசி நிலைக்கும் அடுத்த காலி நிலைக்கும் நடுவிலான ஆற்றல் தூரம், சுருங்கிக்கொண்டே போகிறது. நாப்தலீனும் ஆந்த்ரசீனும் நிறமற்றவை. நான்கு வளையமுள்ள டெட்ரசீன் ஆரஞ்சு. பென்டசீனின் கரைசல் 580 நானோமீட்டரை ஒட்டி மஞ்சள் ஒளியை உறிஞ்சுகிறது, ஆகவே ஊதாவாகத் தெரிகிறது. ஆறு வளையமுள்ள ஹெக்சசீன் பச்சை. அதைத் தாண்டினால் மூலக்கூறைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. கையாளக்கூடியவற்றுக்கும் கையாள முடியாதவற்றுக்கும் நடுவில் இருக்கும் எல்லையில் நிற்பது பென்டசீன். அதன் மதிப்பும் தொல்லையும் அங்கிருந்தே வருகின்றன.

தொல்லை எங்கே என்று இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். நடு வளையத்தில், மேலும் கீழும் ஹைட்ரஜன் தாங்கிய இரண்டு கார்பன்கள் உள்ளன. எண்ணிடும் முறைப்படி அவை 6, 13. உயர்நிலை எலெக்ட்ரான்களின் அடர்த்தி அங்கேதான் மிகுதி. அந்த இரண்டிலும் ஏதேனும் வந்து ஒட்டிக்கொண்டால் நடுவளையம் அரோமாட்டிக் தன்மையை இழக்கும். ஆனால் இருபுறமும் இரண்டு நாப்தலீன் துண்டுகள் விடுபட்டு ஆளுக்கொரு அறுவரைப் பெறும். ஒன்று போய் இரண்டு வருகிறது. மூலக்கூறுக்கு இது லாபமான பேரம். ஆகவே ஆக்சிஜன் வந்தாலும் சரி, ஹைட்ரஜன் வந்தாலும் சரி, இன்னொரு பென்டசீன் வந்தாலும் சரி, வினை 6, 13இல்தான் நடக்கும்.

ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் 6, 13 நடுவே பாலமாக நிற்கும் 6,13-எண்டோபெராக்சைடு உருவாகிறது. அது மேலும் மாறி 6,13-பென்டசீன்குயினோன் ஆகிறது. ஆக்சிஜனை முழுவதும் விலக்கிவிட்டு ஒளியை மட்டும் அனுமதித்தால், இரண்டு மூலக்கூறுகள் நடுவளையங்களால் கோத்துக்கொண்டு வண்ணத்துப்பூச்சி வடிவ இருபடி உண்டாகிறது. நைட்ரஜன் நிரப்பியாயிற்று, இனி வெளிச்சம் பட்டால் என்ன என்று எண்ணுபவர்களின் கரைசலும் வெளிறிப்போவது இதனால்தான். காற்றைத் தடுப்பதும் இருட்டில் வைப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் வேண்டும்.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் ஏன் பென்டசீன்?

முதல் காரணம், படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதம். மீன்முள் அமைப்பில் நெருக்கமாக நின்று, பக்கத்து மூலக்கூறுக்கு நேர்மின் துளைகளை (எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்களை) எளிதாகக் கைமாற்றுகின்றன. அயனியாக்க ஆற்றல் ஏறத்தாழ 5 எலெக்ட்ரான் வோல்ட். தங்கத்தின் வேலைச்சார்புக்கு (உலோகத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றலுக்கு) அது அருகில் இருப்பதால், தங்க மின்முனையிலிருந்து துளைகளைச் செலுத்துவதில் பெரிய தடை இல்லை. 1990களின் பிற்பகுதியிலேயே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, பென்டசீன் மென்படல டிரான்சிஸ்டரில் வோல்ட்-வினாடிக்கு 1.5 சதுர செ.மீ. இயக்க எண்ணை (மின்புலத்தில் மின்னூட்டங்கள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற அளவை) காட்டியது. படிகமற்ற சிலிக்கானுக்கு ஈடான எண் அது. கரிம மூலக்கூறுகளை மின்னணுவியலார் பொருட்படுத்தத் தொடங்கியதில் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது காரணம், ஒளியியல் சார்ந்தது. ஒளி பட்டுக் கிளர்ந்த மூலக்கூறில் இரண்டு எலெக்ட்ரான்களின் சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் அது ஒற்றை நிலை, ஒரே பக்கமாக இருந்தால் மும்மை நிலை. பென்டசீன் படலத்தில் ஒற்றை நிலையின் ஆற்றல் சுமார் 1.83 எலெக்ட்ரான் வோல்ட். மும்மை நிலையின் ஆற்றல் சுமார் 0.86. இரண்டு மும்மைகளைக் கூட்டினாலும் 1.72தான் வருகிறது. ஆகவே ஒரு ஒளித்துகளால் உண்டான ஒற்றை நிலை, பக்கத்து மூலக்கூறோடு ஆற்றலைப் பகிர்ந்து இரண்டு மும்மைகளாகப் பிளந்துவிடுகிறது. எடுக்கும் நேரம் 100 ஃபெம்டோ வினாடிக்கும் குறைவு. இந்த வேகத்தோடு போட்டியிட ஒளிர்வுக்கு நேரம் கிடைப்பதில்லை, அதனால்தான் பென்டசீன் படலம் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. 2013இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார், 670 நானோமீட்டர் ஒளியில் நூறு ஒளித்துகளுக்கு 109 எலெக்ட்ரான்கள் வெளிவரும் பென்டசீன் சூரியக்கலத்தைச் செய்து காட்டினர். இதை அப்படியே சிலிக்கான் தகட்டின் மேல் பூசிவிடலாமே என்று தோன்றும். முடியாது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.1 எலெக்ட்ரான் வோல்ட். 0.86 கொண்ட மும்மை அதைத் தாண்டாது. அந்த வேலைக்கு 1.25 கொண்ட டெட்ரசீன்தான் பொருந்துகிறது. இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் 'பென்டசீன் சிலிக்கான் தகடுகளின் திறனை இரட்டிப்பாக்கும்' என்று எழுதும் செய்திகள் இன்னும் வருகின்றன.

இந்தப் பண்புகளுக்குக் காரணமும் அதே குறுகிய இடைவெளிதான், ஒற்றை அறுவர்தான். நடுவளையத்தின் பலவீனத்தைக் களைந்தால் பண்பும் போய்விடும். ஆகவே தயாரிப்பில் செய்யக்கூடியது ஒன்றே: கடைசிப் படிவரை 6, 13 இடங்களை மூடி வைத்திருக்க வேண்டும், திறந்ததும் இருட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். நூறாண்டுத் தயாரிப்பு வரலாற்றை இந்த ஒரு கண்ணோட்டத்திலேயே படித்துவிடலாம்.

இந்த வளைய அமைப்பை 1912இல் முதலில் கட்டியவர்கள் வில்லியம் ஹாப்சன் மில்ஸும் அவர் மனைவி மில்ட்ரெட் மில்ஸும். 1929இல் கிளாரும் ஜானும் வேறு வழியில் வந்தனர். பென்சாயில் தொகுதி இரண்டு ஏற்றிய சைலீனை 400 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வாட்டி டைஹைட்ரோபென்டசீன் (இரண்டு ஹைட்ரஜன் கூடுதலாக ஏறிய பென்டசீன்) பெற்று, அதிலிருந்து ஹைட்ரஜனை நீக்கினர். கருகலும் தாரும் மிகுந்த வழி. இன்று எந்த ஆய்வகமும் பின்பற்றும் பாதை 1953இல் ரீடும் ஆன்ட்டோஃபரும் தந்தது. அது பென்டசீனை நேராகத் தேடிப் போவதில்லை. முதலில் குயினோனைக் கட்டுகிறது. குயினோன் என்றால் 6, 13 இடங்களில் ஏற்கெனவே ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பென்டசீன் எதுவாகக் கெட்டுப்போகுமோ அதிலிருந்தே தொடங்கும் இந்த உத்தி கெட்டிக்காரத்தனமானது.

வினை எளியது. ஆர்த்தோ-தாலால்டிஹைடு இரண்டு பங்கு, சைக்ளோஹெக்சேன்-1,4-டையோன் ஒரு பங்கு, காரம் வினையூக்கி. நான்கு ஆல்டால் குறுக்கங்கள், நான்கு நீர் மூலக்கூறுகள் வெளியேற்றம். 10 மில்லிமோல் அளவில் செய்வதாக வைத்துக்கொள்வோம். டையால்டிஹைடு 2.68 கிராம், டையோன் 1.12 கிராம். இரண்டையும் சுமார் 80 மில்லி லிட்டர் எத்தனாலில் முற்றிலும் கரைத்துக்கொண்டு, கலக்கியபடியே 10 விழுக்காட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நீர்க்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைசல் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகக் கறுத்து, அதனுள்ளிருந்து மஞ்சள் வீழ்படிவு திரளும். காரம் முழுவதும் சேர்ந்தபின் 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கலக்கி, ஆறவிட்டு வடிகட்டலாம். நீர், எத்தனால், கடைசியில் ஈதர் என்று வடிநீர் நிறமற்று வரும்வரை கழுவ வேண்டும். முழு விளைச்சல் 3.08 கிராம். 90 விழுக்காடு கிடைப்பது அரிதல்ல.

இது மிகவும் மன்னிக்கும் வினை, ஆனாலும் சில இடங்களில் சறுக்கும். தாலால்டிஹைடு பழையதாக இருந்தால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து எடை கணக்கு பொய்த்துப்போகும். காரத்தை ஒரேயடியாகக் கொட்டினால் டையால்டிஹைடு தனக்குள்ளேயே கானிசாரோ வினைக்குப் போய் (ஒரு ஆல்டிஹைடு ஒடுங்க, மற்றது ஆக்சிஜனேற) ஹைட்ராக்சிமெத்தில் பென்சோயிக் அமிலமாக வீணாகும். டையால்டிஹைடு குறைந்தாலோ ஒரு பக்கம் மட்டும் வளையம் மூடி 1,4-டைஹைட்ராக்சிஆந்த்ரசீன் தங்கிவிடும். ஃபீனால் வகை என்பதால் அது காரத்தில் கரைந்து பழுப்பு நிறம் தருகிறது. கழுவும்போது பழுப்பு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மோல் விகிதத்தைத்தான். டையால்டிஹைடை 5 விழுக்காடு கூடுதலாக எடுப்பது இதற்குப் போதுமான காப்பு. குயினோன் எதிலும் எளிதில் கரையாது என்பது இங்கே ஒரு வசதி. கலப்படம் எல்லாம் கழுவலில் போய்விடும். மேலும் தூய்மை வேண்டுமானால் கொதிக்கும் டைமெத்தில்ஃபார்மமைடில் மறுபடிகமாக்கலாம்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. ஆர்த்தோ-தாலால்டிஹைடு புரதங்களோடு உடனே வினைபுரியும். தோலில் பட்டால் சாம்பல்-கறுப்புக் கறை பல நாள் போகாது, ஒவ்வாமையும் உண்டாக்கும். மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப்பு கருவிகளைக் கிருமி நீக்க 0.55 விழுக்காட்டுக் கரைசலாகப் பயன்படுவதும் இதே பொருள்தான்.

அடுத்தது ஒடுக்கம். சிக்கல் இங்கேதான் உள்ளது. பழைய வழி, அலுமினியக் கம்பியை மெர்க்குரிக் குளோரைடால் இரசக்கலவையாக்கி, சைக்ளோஹெக்சனாலில் குயினோனோடு நெடுநேரம் ரிஃப்ளக்ஸ் செய்வது (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவிட்டபடி கொதிக்க வைப்பது). சைக்ளோஹெக்சனால் 161 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் உருவாகும் பென்டசீன், சிறிது காற்று புகுந்தாலும் மீண்டும் குயினோனாகும். காற்றை அடைத்தால் ஒடுக்கம் ஒரு படி தாண்டி 6,13-டைஹைட்ரோபென்டசீனாகும். இரண்டு மாசுகளும் ஒரே குடுவையில், கூடவே அலுமினிய ஆல்காக்சைடு சேறு, அதோடு பாதரசக் கழிவு. ஆய்வுக் கட்டுரைகளில் இன்னும் இந்த வழி மேற்கோள் காட்டப்படுகிறது. இன்று அதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

இரண்டு படியாகப் பிரித்தால் எல்லாம் கட்டுக்குள் வரும். 3.08 கிராம் குயினோனை 60 மில்லி லிட்டர் டெட்ராஹைட்ரோஃபியூரானிலும் 20 மில்லி லிட்டர் மெத்தனாலிலும் மிதக்கவிட்டு, பனிக்கட்டிக் குளியலில் வைத்து, சோடியம் போரோஹைட்ரைடு 1.5 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அடைபட்ட குடுவை கூடாது, ஹைட்ரஜன் வெளியேற வழி வேண்டும். மஞ்சள் மெல்ல வெளுத்து வெண்மை அல்லது பால்நிறம் வந்ததும் நீர் ஊற்றி வடிகட்டினால் 6,13-டையோல் கிடைக்கும். மஞ்சள் எஞ்சியிருந்தால் வினை முடியவில்லை. இந்த டையோலில் 6, 13 இடங்கள் இன்னும் மூடியே உள்ளன. அது காற்றையோ வெளிச்சத்தையோ பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வேலையை ஒத்திப்போட வேண்டுமென்றால் இங்கே நிறுத்தலாம்.

கடைசிப் படிக்கு ஸ்டேனஸ் குளோரைடு என்ற தகர உப்பும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும். ஒரு மோல் டையோலுக்கு ஒரு மோல் தகர உப்பு கணக்கில் வரும். நடைமுறையில் இரண்டரை மடங்கு எடுப்பது நல்லது, அதாவது 10 மில்லிமோலுக்கு நீரேறிய உப்பு 5.6 கிராம். கரைப்பானில் அரை மணி நேரம் நைட்ரஜன் குமிழவிட்டு, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, அறை விளக்கைக் குறைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சேர்க்கும் வரிசை முக்கியம்: தகர உப்பு முதலில், அமிலம் பிறகு. தகரம் இல்லாத அமிலத்தில் டையோல் அகப்பட்டால் ஒரு நீரை மட்டும் இழந்து பென்டசெனோனாகிவிடும், அதன் மூலக்கூறு எடை 294. வரிசை சரியாக இருந்தால் அமிலம் விழுந்தவுடனே கருநீல வீழ்படிவு தெரியும். டையோலிலிருந்து தாழ்ந்த வெப்பத்தில், 2 நிமிட வினை நேரத்தில், 90 விழுக்காட்டுக்கும் மேலான விளைச்சலோடு பென்டசீன் பெறலாம் என்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தார் 2012இல் எழுதினர். சூடு இல்லை, நேரம் இல்லை, ஆகவே மாசுபடவும் வாய்ப்பு குறைவு. வடிகட்டுவதும் கழுவுவதும் வாயு நீக்கிய நீரிலும் மெத்தனாலிலும், மங்கிய வெளிச்சத்தில், விரைவாக நடக்க வேண்டும். பென்டசீன் ஈரமாக இருக்கும்போதுதான் காற்று அதை அதிகம் கெடுக்கும்.

தூய்மையாக்க மறுபடிகமாக்கல் பயன்படாது. சூடான டைகுளோரோபென்சீனிலும் டிரைகுளோரோபென்சீனிலும் மட்டும் கொஞ்சம் கரையும், அந்தச் சூட்டிலேயே கெடும். எஞ்சும் வழி வெற்றிடப் பதங்கமாக்கல். ஒரு நீண்ட குவார்ட்சுக் குழாயில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் வெப்பச் சரிவை அமைத்து, ஆவி நகர்ந்து படிய விடுவார்கள். டைஹைட்ரோபென்டசீன் எளிதில் ஆவியாவதால் குளிர்ந்த பகுதியில் வெளிறிய படிவாகத் தங்கும், நடுவில் ஊதாப் படிகங்கள், மூல இடத்தில் கருகிய எச்சம். அவசரப்பட்டு 300 டிகிரிக்கு மேல் ஏற்றுவது பெரும் தவறு. அங்கே பென்டசீன் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது: சில மூலக்கூறுகள் ஹைட்ரஜனை ஏற்று டைஹைட்ரோபென்டசீனாகும், சில அதை இழந்து ஒன்றோடொன்று இணைந்து பெரிபென்டசீனாகும். மாசை நீக்கப் போய் மாசை உண்டாக்கும் சூடு அது.

இந்தத் தூய்மை எவ்வளவு முக்கியம் என்பதை 2004இல் நெதர்லாந்தின் கிரோனிங்கன் குழு காட்டியது. விலைக்கு வாங்கிய பென்டசீனிலிருந்து பென்டசீன்குயினோனைப் பதங்கமாக்கிக் குறைத்து ஒற்றைப் படிகம் வளர்த்தபோது, அறை வெப்பநிலையில் இயக்க எண் 35 வரை போனது. அதற்கு முந்தைய பல அளவீடுகள் பென்டசீனை அளந்ததாகச் சொன்னாலும், உண்மையில் அளந்தது அதிலிருந்த குயினோனின் அளவைத்தான் என்று சொன்னால் மிகையில்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பெல் ஆய்வகத்தின் யான் ஹென்ட்ரிக் ஷோன், பென்டசீன் உள்ளிட்ட படிகங்களில் மின்புலத்தால் மீக்கடத்தலைக் கண்டதாக வெளியிட்ட கட்டுரைகளும் வந்தன. 2002இல் விசாரணைக் குழு தரவுகள் புனையப்பட்டவை என்று கண்டு, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. துறையின் பெயருக்கு அது சில ஆண்டுகள் ஊறு செய்தது.

படலம் போடும்போதும் கவனிக்கச் சில உண்டு. வழக்கமாகப் பத்து இலட்சத்தில் ஒரு டார் வெற்றிடத்தில், வினாடிக்கு 0.01 முதல் 0.05 நானோமீட்டர் வேகத்தில், சுமார் 50 நானோமீட்டர் தடிமனுக்கு ஆவிப்படிவு செய்கிறார்கள். சிலிக்கான் டையாக்சைடுப் பரப்பை முன்கூட்டியே சிலேன் சேர்மத்தால் நீர்வெறுக்கும் பரப்பாக மாற்றினால் படிக மணிகளும் பெரிதாகும், துளைகளைச் சிக்கவைக்கும் மின்பொறிகளும் குறையும். பென்டசீனுக்கு ஒரே படிக வடிவம் இல்லை: அடுக்கு இடைவெளி 1.41, 1.44, 1.50, 1.54 நானோமீட்டர் என நான்கு வடிவங்கள் பதிவாகியுள்ளன. மெல்லிய படலத்தில் விரும்பப்படுவது 1.54. தடிமன் கூடினாலோ அடித்தளம் அதிகம் சூடானாலோ 1.44 வடிவமும் கலந்து வளரும், இரண்டுக்கும் நடுவிலான எல்லைகளில் துளைகள் சிக்கிக்கொள்ளும். எக்ஸ்-கதிர்ச் சிதறலில் இரட்டை முகடு தெரிந்தால் காரணம் அதுவே.

கரையாத பொருளை அச்சிட முடியாது என்ற குறையைத் தீர்க்க இரண்டு பாதைகள் உண்டாயின. இரண்டுமே மூடிவைக்கும் உத்தியின் வடிவங்கள்தான். முதலாவதில் நடுவளையத்தின் மேல் தற்காலிக மூடி போட்டுக் கரைசலாகப் பூசி, படலமான பின் மூடியைக் கழற்றுவார்கள். 2002இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சல்ஃபினைல் அசிட்டமைடைப் பென்டசீனோடு டீல்ஸ்–ஆல்டர் வினையில் ஏற்றி, பூசியபின் சூடாக்கி மீட்டு, ஏறத்தாழ 0.9 இயக்க எண் பெற்றனர். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டைகீட்டோன் பாலம் ஒன்றை 6, 13 நடுவே கட்டினர். நீல ஒளி பட்டதும் அது இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாகக் கழன்று ஓடிவிடும்.

இரண்டாவது பாதை நிரந்தரமானது, அதிகம் பரவியதும் அதுதான். 2001இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜான் ஆந்தனி குழு, 6, 13 கார்பன்களில் டிரைஐசோபுரோப்பில்சிலைல் எத்தினைல் தொகுதிகளைப் பொருத்தி டிப்ஸ்-பென்டசீனை உண்டாக்கியது. தொடக்கப் பொருள் அதே குயினோன்தான். எத்தினைலின் லித்தியம் உப்பை 3 முதல் 4 மடங்கு மோல் எடுத்து, உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில் குயினோனை அதில் போட்டுக் கலக்க வேண்டும். கரையாத மஞ்சள் தூள் கரைந்து மறைவதே வினை முடிந்ததன் அடையாளம். பிறகு ஸ்டேனஸ் குளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் அடர்நீலம். சிலிக்கா பத்தியில் ஹெக்சேன் விட்டு, அசிட்டோனில் மறுபடிகமாக்கலாம். பருத்த சிலைல் தொகுதிகள் கரைதிறனைத் தருகின்றன, மீன்முள் அடுக்கைச் செங்கல் அடுக்காக மாற்றுகின்றன. எத்தினைல் தொகுதிகளோ எலெக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுக்கும் போக்கைத் தணிக்கின்றன. அதனால் கரைசல் வெகு நேரம் நிற்கிறது. விலையாக 124 டிகிரியை ஒட்டி ஒரு படிக மாற்றம் வந்து படலத்தில் விரிசல் விடும். உலர்த்தும் சூட்டை அதற்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடியே போடாமல் வெறும் பென்டசீனைப் பயன்படுத்திய இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் ஆக்சிஜனை வேறு ஏதோ தடுத்து நிற்கிறது. 2009இல் ஐபிஎம் சூரிக் ஆய்வகம் அணுவிசை நுண்ணோக்கியால் ஐந்து வளையங்களையும் படமெடுத்தபோது, மூலக்கூறு 5 கெல்வினில் மிகுந்த வெற்றிடத்தில் கிடந்தது. 2012இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து அறை வெப்பநிலையில் இயங்கும் திண்ம மேசரை (லேசரைப் போல நுண்ணலையைப் பெருக்கும் கருவியை) செய்தபோது, பென்டசீன் பாரா-டெர்ஃபீனைல் படிகத்துக்குள் மிகச் சிறிய விகிதத்தில் பொதிந்திருந்தது. அங்கே பக்கத்துப் பென்டசீனும் தொலைவில், காற்றும் வெளியே.

சேமிப்பதற்கும் இதே விதி: பழுப்புப் புட்டி, ஆர்கான், குளிர்பெட்டி. பழைய புட்டியை நம்புவதற்கு முன் நிறை நிறமாலை ஒன்று எடுப்பது நல்லது. 278 பென்டசீன், 280 டைஹைட்ரோ, 294 பென்டசெனோன், 308 குயினோன், 310 எண்டோபெராக்சைடு, 556 இருபடி. அகச்சிவப்பு நிறமாலையில் 1670 அலையெண்ணை ஒட்டி முகடு எழுந்தால் அது கார்பனைல், அதாவது குயினோன். தூய பென்டசீனில் அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.